களஞ்சியம் மனையான வரலாறு

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் வீடு விற்போர் வெளியிடும் விளம்பரங்களை நோக்குமிடத்து ஒரு செய்தி நமது கவனத்தை ஈர்க்கின்றது. பிரபுக்களின் மாளிகைகளுக்கும் பண்ணையாரின் கல்வீடுகளுக்கும் நிகராக, பழைய தானியக் களஞ்சியங்களைப் புதுக்கியமைத்த மனைகளும் அங்கே பெருவிலை பெறுகின்றன. காலத்தாற் கறுத்த ஓக் மரத் தூண்கள், வண்டி நுழைந்த பெருவாயிலை நிறைத்து நிற்கும் கண்ணாடிச் சுவர், கூரைவரை உயர்ந்த கூடம் என்பன அம்மனைகளின் சிறப்புக்களாக எடுத்துரைக்கப்படுகின்றன. அவற்றை வாங்குவோருட் பலர் உழவரல்லர். நகரத்திலே பொருளீட்டியோரும் ஓய்வுபெற்றோருமாவர்.

கதிரும் வைக்கோலும் கிடந்த இடத்தில் மனிதர் குடியேறுவதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் அக்கட்டடம் எவர் உழைப்பால் எழுந்தது, அதனுள்ளே எவர் உழைத்தனர், அது ஏன் வெறுமையாயிற்று, இன்று அதிற் குடியிருக்கும் வாய்ப்பு எவருக்குக் கிட்டுகின்றது என்னும் வினாக்களை விளம்பரங்கள் எழுப்புவதில்லை. அவற்றை எழுப்புவது வரலாறு கற்போரின் கடமையாகும். ஒரு கட்டடத்தின் சுவர்களுக்குள் ஒரு நாட்டின் நிலவுடைமை வரலாறு முழுவதும் அடங்கியிருக்கக் காண்கிறோம்.

களஞ்சியம் என்றதும் நெல்லைக் கொட்டி வைக்கும் இடத்தையே நாம் நினைக்கிறோம். ஆங்கில நாட்டின் களஞ்சியமோ வேறு வகையானது. அதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், வாற்கோதுமை மனை என்னும் பொருள்தரும் பழஞ்சொற்கள் இரண்டு இணைந்து பிறந்தது. நமது நாட்டில் அறுவடை முடிந்தபின் திறந்த வெளியிலே சூடடிக்கிறோம்; வெயிலும் காற்றும் நமக்குத் துணைபுரிகின்றன. இங்கிலாந்தின் மழையும் குளிரும் அதற்கு இடங்கொடா. ஆகவே அறுத்த கதிர் முழுவதையும் கூரையின்கீழ் அடுக்கிவைத்து, குளிர்காலம் முழுதும் சிறிது சிறிதாக அடித்தெடுக்க வேண்டியிருந்தது. கிடங்கும் களமும் ஒரே கட்டடத்தில் ஒன்றாயின.

இந்தத் தேவையே அதன் வடிவை வகுத்தது. நீண்ட மண்டபத்தின் நடுவிலே, எதிரெதிரான இரு சுவர்களிலும் வண்டி புகத்தக்க பெருங்கதவுகள் அமைந்தன. அவற்றுக்கிடையே பலகையாலோ இறுகிய மண்ணாலோ ஆகிய களம் இருந்தது. அதன் இருமருங்கும் கதிர்க்கட்டுகள் அடுக்கப்பட்டன. இரு கோல்களைத் தோல்வாரினாற் பிணைத்த அடிகோலைச் சுழற்றித் தொழிலாளர் கதிரை அடித்தனர். பின்னர் இரு கதவுகளையும் திறந்துவிட, ஊடறுத்துச் செல்லும் காற்றிலே பதர் பறந்து மணி கீழே விழுந்தது. சுவரில் விடப்பட்ட ஒடுங்கிய துளைகள் உள்ளே கிடந்த கதிர் புழுங்காது காத்தன. எலியைத் தின்னும் கூகை வந்துபோவதற்கென உச்சியில் ஒரு துவாரம் விடுவதும் பல இடங்களில் வழக்கமாயிருந்தது. இக்கட்டடத்தில் அழகுக்கென அமைந்தது மிகச் சில. தொழிலின் பொருட்டு அமைந்தவையே பின்வந்தோர் கண்ணுக்கு அழகாயின.

மத்தியகாலத்துக் களஞ்சியங்கள் சில இன்றும் நிலைத்து நிற்கின்றன. எசெக்ஸ் மாவட்டத்துக் கிறெசிங் ரெம்பிள் என்னுமிடத்தில், சிலுவைப்போர் வீரத்துறவிகளாகிய ரெம்பிளர் சபையினர் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய களஞ்சியங்கள் இரண்டு உள்ளன. ஒன்று வாற்கோதுமைக்கும் மற்றையது கோதுமைக்கும் பெயர் பெற்றவை. கிறேற் கொக்ஸ்வெல் என்னும் ஊரிலுள்ள கற்களஞ்சியம் பியூலி மடத்துத் துறவிகளுக்கு உரியதாயிருந்தது. அது ஏறத்தாழ 152 அடி நீளமுடையது. இலண்டனுக்கு மேற்கே, ஹீத்றோ விமான நிலையத்துக்கு அண்மையிலுள்ள ஹாமன்ட்ஸ்வேர்த் களஞ்சியம் 1426-27ஆம் ஆண்டளவில் வின்செஸ்ரர் கல்லூரியின் பண்ணையிலே கட்டப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 192 அடி. அக்கல்லூரி மாணவரின் கல்விக்கான செலவு இத்தகைய பண்ணைகளில் உழைத்தோர் விளைவித்த தானியத்திலிருந்தே வந்தது என்பதை ஆசிரியர்களும் மாணவர்களும் மறத்தலாகாது.

இவற்றுட் சிலவற்றைத் தசமபாகக் களஞ்சியங்கள் என மக்கள் பொதுவாக அழைப்பர். விளைச்சலிற் பத்திலொரு பங்கைத் திருச்சபைக்கு அளக்கவேண்டும் என்னும் விதி நூற்றாண்டுகள் பலவாக நிலவியது. 1836ஆம் ஆண்டுச் சட்டமே அதனைப் பணமாகச் செலுத்தும் கடமையாக மாற்றிற்று. ஆயினும் பெருங்களஞ்சியங்கள் யாவும் இப்பங்குக்கென்றே எழுந்தவையல்ல. மடங்களும் பிரபுக்களும் தமது சொந்த நிலத்தின் விளைவையும் அவற்றிற் குவித்தனர். எவ்வாறாயினும் அவை திரட்டப்பட்ட உபரியின் இருப்பிடங்களே. அக்காலத்துப் பண்ணையடிமைகளின் மண்குடிசைகள் பெரும்பாலும் சுவடின்றி மறைந்தன. அவர்கள் விளைத்த தானியத்துக்கு அமைத்த இல்லமோ எழுநூறு ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றது. விளைவித்தவனிலும் விளைபொருள் நன்றாகக் குடியிருந்தது என்னும் இவ்வுண்மை நிலமானிய சமுதாயத்தின் இயல்பைப் புலப்படுத்துகிறது.

இக்களஞ்சியங்களைக் கட்டிய தச்சர்கள் தூண்களையும் உத்திரங்களையும் தரையிலே பொருத்திப் பார்த்து, பின் பிரித்து மீண்டும் நிறுத்துவதற்காக ஒவ்வொரு பொருத்திலும் எண்களைச் செதுக்கினர். அக்குறிகள் பல இன்றும் காணப்படுகின்றன. தச்சரின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

1536ஆம் ஆண்டுக்கும் 1540ஆம் ஆண்டுக்குமிடையில் எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களைக் கலைத்தான். மடத்து நிலங்கள் அரசனிடமும், அவனிடமிருந்து விலைக்குப் பெற்ற பிரபுக்கள், வணிகரிடமும் சேர்ந்தன. களஞ்சியங்களின் உடைமையாளர் மாறினர். உள்ளே உழைத்தோரின் நிலை மாறவில்லை. பின்னர் வந்தது பொதுநிலங்களை வேலியடைக்கும் இயக்கம். 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் நிறைவேற்றிய 5,200க்கு மேற்பட்ட சட்டங்கள் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை, அதாவது 68 இலட்சம் ஏக்கரை, இவ்வாறு அடைத்தன. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமை பெற்றிருந்த ஏழை உழவன் நாட்கூலியானான். கோடையில் அறுவடைக் கூலியும் குளிர்காலத்தில் களஞ்சியத்துச் சூடடிப்புக் கூலியும் அவனது உயிர்நாடியாயின.

அத்தொழிலின் தன்மையை நமக்குக் காட்டும் இலக்கியச் சான்று ஒன்றுண்டு. வில்ற்ஷயர் மாவட்டத்துப் பண்ணைக் கூலியாகிய ஸ்டீபன் டக் என்பவர் 1730இல் வெளிவந்த ‘சூடடிப்பவனின் உழைப்பு’ என்னும் கவிதையால் புகழ்பெற்றார். ஆங்கில நாட்டுப்புறத்தை இடையர் குழலோசையாகவே கண்ட புலவர் கூட்டத்தின் நடுவே, களஞ்சியத்தின் தூசியையும் வியர்வையையும் ஓய்வின்மையையும் உள்ளிருந்தே பாடியவர் அவர். அரசி கரோலினின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. ஆனால் அவர் தமது கவிதையிற் பெண்களின் உழைப்பை இழித்துரைத்தார். அதற்கு மறுமொழியாக, சலவைத் தொழிலாளியாகிய மேரி கொலியர் 1739இல் ‘பெண்ணின் உழைப்பு’ என்னும் கவிதையை வெளியிட்டார். வயலிலும் பிறர் மனையிலும் உழைத்து, வீடு திரும்பியபின் அடுப்படியிலும் உழைப்பவளுக்கு உறக்கமேது என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். களஞ்சியத்தின் வரலாற்றை எழுதுவோர் இவ்விருவரையும் ஒருங்கே படித்தல் வேண்டும்.

1786ஆம் ஆண்டளவில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ மீக்கிள் என்பவர் சூடடிக்கும் யந்திரமொன்றை வெற்றிகரமாக ஆக்கினார். நெப்போலியனுடன் போர் நிகழ்ந்த காலத்தில் ஆட்பற்றாக்குறை இருந்தமையால் அது பரவிற்று. 1815இல் போர் முடிந்து படைவீரர் ஊர் திரும்பியபோது நிலைமை தலைகீழாயிற்று. வேலையற்றோர் பெருகினர், கூலி குறைந்தது, குளிர்காலத்து ஒரே பிழைப்பையும் யந்திரம் பறித்தது. 1830 ஓகஸ்ற் மாத இறுதியில் கென்ற் மாவட்டத்துக் கன்ரபெரிக்கு அண்மையிலே தொழிலாளர் ஒன்றுகூடி ஒரு யந்திரத்தை உடைத்தனர். அத்தீ தென்னிங்கிலாந்து முழுவதும் பரவிற்று. ‘கப்ரன் சுவிங்’ என்னும் கற்பனைப் பெயரில் பண்ணையாருக்கு மிரட்டற் கடிதங்கள் சென்றன. அடிகோலின் சுழலும் துண்டைக் குறித்த சொல்லிலிருந்தே அப்பெயர் எழுந்தது எனக் கருதுவோருமுளர். யந்திரங்கள் உடைந்தன, வைக்கோற்போர்களும் களஞ்சியங்களும் எரிந்தன, கூலியுயர்வு கோரப்பட்டது.

கிளர்ச்சி செய்தோர் கையால் ஓர் உயிர்தானும் போகவில்லை. அரசின் கை அத்துணை இரக்கமுடையதாக இருக்கவில்லை. 252 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். 481 பேர் கப்பலேற்றி அவுஸ்திரேலியக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களிற் பலர் தம் மனைவி மக்களை மீண்டும் காணவேயில்லை. எரிக் ஹொப்ஸ்போம், ஜோர்ஜ் ரூடே என்னும் வரலாற்றாசிரியர்கள் 1969இல் வெளியிட்ட நூலே இக்கிளர்ச்சியை உழைப்போர் பக்கத்திலிருந்து விரிவாக ஆராய்ந்து, அறியாமையால் விளைந்த கலகம் என்னும் பழியைத் துடைத்தது.

இங்கே ஒரு முரண் உண்டு. களஞ்சியத்தின் தூசியைச் சபித்த அதே வர்க்கம், நூறாண்டு கழித்து அவ்வேலையைக் காக்கவே போராடிற்று. இது பழமைப்பற்று எனக் கூறுவது பொருந்தாது. யந்திரம் தொழிலாளியின் முதுகுச் சுமையைக் குறைத்திருக்கலாம். ஆனால் அது எவருடைய உடைமையாக வந்தது என்பதே கேள்வி. உழைப்பைக் குறைக்கும் கருவி உழைப்பவனின் உணவையும் குறைத்தபோது, அவன் அதனைப் பகைவனாகக் கண்டதில் வியப்பில்லை. அவன் உடைத்தது இரும்பையும் மரத்தையுமாயினும், எதிர்த்தது அவற்றின் பின்னிருந்த உடைமை உறவையே.

1834ஆம் ஆண்டு டோர்செற் மாவட்டத்து டொல்படில் என்னும் சிற்றூரில் அறுவர் சங்கம் அமைத்து உறுதிமொழி எடுத்த குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டனர். பெருங் கண்டனம் எழுந்தமையால் 1836இல் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. 1872இல் ஜோசப் ஆர்ச்சின் தலைமையில் விவசாயத் தொழிலாளரின் தேசிய சங்கம் தோன்றிற்று. இதற்கிடையில் நீராவி யந்திரம் வந்தது; சூடடிப்பு களஞ்சியத்தை விட்டு வெளியே வைக்கோற்போரின் அருகுக்குப் பெயர்ந்தது. 1870களுக்குப்பின் அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்திறங்க, ஆங்கில வயல்கள் பல புல்வெளிகளாயின. இரண்டாம் உலகப்போருக்குப்பின் அறுவடையையும் சூடடிப்பையும் வயலிலேயே ஒருங்கே செய்யும் யந்திரம் எங்கும் பரவியது. அதன் உருவத்துக்குப் பழைய வாயில் போதவில்லை. இரும்புச் சட்டத்தாலான புதிய கொட்டகைகள் எழுந்தன. பழைய களஞ்சியம் கன்றுக்குட்டிகளுக்கும் உடைந்த கருவிகளுக்கும் ஒதுக்கிடமாகி, கூரை சரிந்து, மழையில் நனைந்தது.

அது கலைச்செல்வமாக மதிக்கப்படத் தொடங்கியதும் இந்த வீழ்ச்சிக் காலத்திலேதான். கவிஞரும் கைவினைஞரும் சோஷலிசவாதியுமாகிய வில்லியம் மொறிஸ், தாம் வாழ்ந்த கெல்ம்ஸ்கொற் ஊருக்கு அண்மையிலிருந்த கிறேற் கொக்ஸ்வெல் களஞ்சியத்தைப் பெருந்தேவாலயத்துக்கு நிகரான மேன்மையுடையதெனப் போற்றினார். 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர் அவரே. பழமையைப் புதுக்குவதாகச் சொல்லி அதன் உண்மையை அழிப்பதை அச்சங்கம் எதிர்த்தது. நாள்தோறும் பேணிச் சிதைவைத் தடுப்பதே நெறியென்றது. பெயரறியாத் தொழிலாளரின் கைத்திறனை மன்னரின் மாளிகைக்குச் சமமாக வைத்து நோக்கிய பார்வை அது. மொறிஸ் சில ஆண்டுகளில் சோஷலிச இயக்கத்திற் சேர்ந்தமை இப்பார்வையின் இயல்பான வளர்ச்சியென்றே நாம் கருதுகிறோம்.

களஞ்சியத்தை மனையாக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிறப்பாக 1970களிலும் 1980களிலும், பெருகிற்று. 1947ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தின்படி பண்ணைக் கட்டடமொன்றை வீடாக மாற்றுவதற்கு உள்ளூராட்சியின் அனுமதி தேவையாயிருந்தது. 2014இல் இங்கிலாந்தில் இவ்விதி தளர்த்தப்பட்டது. குறித்த அளவுக்குட்பட்ட பண்ணைக் கட்டடங்களை முழு அனுமதியின்றியே, முன்னொப்புதல் மாத்திரம் பெற்று, வீடாக்கலாம் என்றாயிற்று. 2015 முதல் ‘கியூ வகுப்பு’ எனப்படும் இவ்வுரிமை 2024இல் மேலும் விரிக்கப்பட்டது. ஒரு பண்ணையில் மொத்தம் 1,000 சதுர மீற்றருக்கு மேற்படாது பத்து வீடுகள்வரை அமைக்கலாம். பட்டியலிடப்பட்ட தொன்மைக் கட்டடங்களுக்கு இது பொருந்தாது. எலும்புக்கூடாய் எஞ்சிய கட்டடத்தை ஏறத்தாழ முழுதும் புதிதாகக் கட்டிவிட்டு அதனை மாற்றம் என்று கொள்ளமுடியாதென உயர்நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது.

இம்மாற்றம் எளிய வேலையன்று. கதிருக்குக் காற்று வேண்டும். மனிதனுக்கு வெப்பம் வேண்டும். காற்று ஊடுருவவென அமைந்த கட்டடத்தைக் குளிர் புகாவண்ணம் மூடுவதே முதற் சிக்கல். சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய பழஞ்சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, கல்லையும் மரத்தையும் அரிக்கும். வாயில்கள் பெரியவை, சாளரங்களோ இல்லாதவை. ஆதலால் ஒளிக்காகக் கூரையைத் துளைக்க நேர்கிறது. படுக்கையறைகளுக்கென மாடித்தளமும் தடுப்புச் சுவர்களும் எழும்போது நீண்ட மண்டபத்தின் தோற்றம் சிதைகிறது. வெளவாலும் கூகையும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டவை. அவை குடியிருக்கும் களஞ்சியத்தில் அவற்றுக்குக் கேடு விளையாவண்ணமே வேலை செய்யவேண்டும். நல்ல சிற்பிகள் மண்டபத்தின் நடுக்களத்தையேனும் கூரைவரை திறந்த கூடமாக விட்டு, பழைய வாயிலின் அளவை மாற்றாது காக்க முயல்கின்றனர். அத்தகையோரின் பணி பாராட்டத்தக்கதே.

வெளவாலுக்கும் கூகைக்கும் சட்டம் இடம்கொடுத்தது நன்று. அக்களத்தில் உழைத்தோரின் சந்ததிக்கு இடம் எங்கே? நெடுங்காலமாகப் பண்ணைத் தொழிலாளி பண்ணையாருக்குச் சொந்தமான குடிசையிலேயே வாழ்ந்தான். வேலை போனால் வீடும் போயிற்று. கூலியுயர்வு கேட்கும் வாயை அடைக்க இதனிலும் வலிய பூட்டு வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டமே அவனுக்குக் குடியிருப்புப் பாதுகாப்பு அளித்தது. உள்ளூராட்சிகள் கட்டிய வாடகை வீடுகள் அவனுக்கு மற்றொரு புகலிடமாயிருந்தன. 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் அவ்வீடுகளைக் குடியிருப்போருக்கு விலைக்குக் கொடுத்தது. விற்றவற்றுக்கு ஈடாகப் போதிய வீடுகள் கட்டப்படவில்லை. ஒருபுறம் பொதுவீடுகள் குறைந்தன. மறுபுறம் களஞ்சியங்கள் மனைகளாகிப் பெருகின. எண்ணிக்கையில் வீடுகள் கூடினும், ஊரிற் பிறந்து ஊரில் உழைப்போரின் கூலிக்கு எட்டும் வீடுகள் கூடவில்லை. ‘கியூ வகுப்பு’ முன்னொப்புதல் வழங்கும்போது போக்குவரத்து, வெள்ள அபாயம், தோற்றம், ஒளி முதலியன ஆராயப்படுகின்றன. வருவாய் குறைந்தோருக்கு எட்டுமா என்பது ஆராயப்படும் பொருள்களுள் ஒன்றன்று.

களஞ்சியங்களை மாற்றாது விட்டால் அவை இடிந்தொழியும் அல்லவா என்று சிலர் வினவலாம். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு. பயனற்ற கட்டடத்தைக் காப்பது அரிது. எல்லாக் களஞ்சியங்களையும் அரும்பொருட்சாலைகளாக்கவும் இயலாது. ஹாமன்ட்ஸ்வேர்த் களஞ்சியம் நீண்டகாலம் கவனிப்பாரற்றுச் சிதைந்தபின், 2011இல் பொதுநிறுவனமொன்று அதனை வாங்கிச் செப்பனிட்டு மக்கள் பார்வைக்குத் திறந்தது. கிறெசிங் ரெம்பிள் களஞ்சியங்களை 1987இல் மாவட்ட சபை வாங்கியது. மிகச் சிறந்தவை இவ்வாறு பொதுவுடைமையாதல் வேண்டும். ஏனையவற்றில் மனிதர் குடியேறட்டும். ஆனால் அந்த மாற்றத்தால் நிலவுடையோன் பெறும் பேரிலாபத்தில் ஒரு பங்கு ஊருக்கு உரியதாகவேண்டும். பாழ்பட்ட கொட்டகைக்கு ஓரிரவிற் பெருவிலை தந்தது உடைமையாளனின் உழைப்பன்று, சட்டமளித்த அனுமதியே. சமுதாயம் அளித்த மதிப்பிற் சமுதாயம் பங்கு கேட்பதில் அநீதி யாதுமில்லை. ஊர்த்தேவைக்கென ஒதுக்கிய நிலத்தில், உள்ளூரில் வாழ்வோருக்கும் உழைப்போருக்கும் மட்டுமே உரிய மலிவான வீடுகளைக் கட்டும் ஏற்பாடு இங்கிலாந்தில் ஏலவே உண்டு. அந்நெறியைக் களஞ்சியங்களுக்கும் விரித்தல் கூடாதென்று எவரும் நியாயம் காட்ட முடியாது.

நினைவைக் காத்தலும் அதற்குக் குறைந்த கடமையன்று. உத்திரத்தைப் பளபளப்பாக்கி, அதன்கீழ் நின்ற மனிதனை மறக்கும் பாதுகாப்பு அரைப் பாதுகாப்பேயாகும். தச்சன் செதுக்கிய எண்ணும், அடிகோலின் அடியால் தேய்ந்த பலகையும், கதிர்க்கட்டுகளை எண்ணிக் கூலியாள் சுவரிற் கீறிய கோடுகளும் எங்கு எஞ்சியிருப்பினும், அவற்றை அழகுப்பொருளாக அன்றி ஆவணமாக மதிக்கவேண்டும். மடமும் பிரபுவும் விட்டுச்சென்ற கணக்கேடுகள் தானியத்தின் அளவைச் சொல்கின்றன. அதனை அடித்தவனின் பசியைச் சொல்வதில்லை. கடல் கடத்தப்பட்ட 481 பேரின் வரலாற்றையும், டக்கின் தூசியையும், கொலியரின் உறக்கமற்ற இரவையும் அம்மண்டபத்திற் குடியிருப்போரின் பிள்ளைகள் தம் பள்ளிக்கூடத்திலே கற்கவேண்டும்.

ஒரு கட்டடம் எவருக்குச் சொந்தம் என்பதைப் பத்திரம் கூறும். அது எவரால் ஆயிற்று என்பதை நாமே தேடியறிதல் வேண்டும். மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் அரண்மனையின் வாயிலோடு நின்றுவிடாது, அதற்குத் தானியம் அனுப்பிய களஞ்சியத்தினுள்ளும் அவர்களை அழைத்துச் செல்வாராக. அங்கே தூண்களை எண்ணியபின், அவற்றிடையே உழைத்தவர்கள் இரவில் எங்கே உறங்கினார்கள் என்னும் வினாவையும் அம்மாணவர் கேட்கப் பழகவேண்டும்.